அரசலாற்றை யாரும் எடுக்கவில்லை

சோமசேகரன்: போயிட்டானா? சொல்லும்மா, போயிட்டானா?

நிலா: இன்னும் ஆரம்பிக்கவே இல்ல மாமா. காப்பியக் குடிங்க, ஆறுது.

சோமசேகரன்: ஆறட்டும். மொத ஆளே அரசலாத்தத் தூக்கிட்டுப் போயிடுவான், பாரு.

நிலா: போவட்டும். போன வருஷம் அதிகப் புள்ளி எடுத்தவன். யாரு விடுவா?

சோமசேகரன்: நமக்குன்னு பாத்து கடைசி இடமா விழணும்? பத்து பேருல பத்தாவது! யாரு குலுக்குனது?

நிலா: கம்ப்யூட்டர் மாமா.

சோமசேகரன்: அதுக்கும் நம்ம மேல கோவம் போல. சும்மா சொன்னேம்மா. மூஞ்சத் தூக்காத. என் கண்ணாடி எங்க?

நிலா: நெத்தி மேல.

சோமசேகரன்: ம்... இப்பத் தெரியுது. இதுல அரசலாறு எது?

நிலா: மொதப் பேரே அவன்தான். ஒரு தடவையாவது அவன் பேரச் சரியாச் சொல்லுங்களேன்.

சோமசேகரன்: வாயில நுழைஞ்சாத்தானே சொல்றதுக்கு. பந்த வாங்கிட்டு அவன் போறதப் பாத்திருக்கியா? நேரா போனா சீக்கிரம் போயிடலாம். போவமாட்டான். வளைஞ்சு வளைஞ்சு, எல்லார் கையிலயும் நழுவி... நம்ம அரசலாறேதான். நான் அப்படிச் சொன்னப்ப எழிலன் எப்படிச் சிரிச்சான்!

நிலா: சத்தமே வராம.

சோமசேகரன்: ஆமாம்மா. சத்தம் வராம. தோளு மட்டும் குலுங்குச்சு... உங்க அத்த எங்க?

நிலா: கடைத்தெருவுக்குப் போயிருக்காங்க. காலங்காத்தால ரெண்டு பேரும் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்துட்டீங்களேன்னாங்க. அமெரிக்கக் கால்பந்துன்னேன். கால்பந்துன்னா ஏன் கையில தூக்கிட்டு ஓடுறானுங்கன்னு கேட்டாங்க.

சோமசேகரன்: நல்ல கேள்வி. நீ என்ன சொன்னே?

நிலா: பத்து பேரு சேந்து ஆடுற வெளையாட்டு அத்த, ஆளுக்கு ஒரு டீமு. அங்க நெஜமா ஆடுறவங்கள முறை வச்சு ஒவ்வொருத்தரா எங்களுக்குள்ள பிரிச்சுக்குவோம். ஞாயித்துக்கெழம அவங்க எடுக்கற புள்ளியெல்லாம் எங்க டீமு கணக்குல ஏறும்னேன்.

சோமசேகரன்: அதுக்கு?

நிலா: அடுத்தவன் ஓடுறதுக்கு நீங்க ஏன் மூச்சு வாங்குறீங்கன்னு கேட்டுட்டுப் போயிட்டாங்க.

சோமசேகரன்: அவகிட்ட பேசி ஜெயிக்க முடியாது. என்ன அது, டிங்குன்னு?

நிலா: வால்ட்டர். அமெரிக்காவுலேந்து இதையெல்லாம் நடத்துறாரே, அவரு. "எழில், வந்துட்டியா?"ன்னு கேக்குறாரு. என்ன போடட்டும் மாமா?

சோமசேகரன்: அவன் எப்படிப் போடுவானோ அப்படிப் போடு.

நிலா: கட்டைவெரல் படம் போடுவாரு. ரெண்டு.

சோமசேகரன்: ரெண்டாப் போடு. மூணாப் போட்டுடாத.

நிலா: போட்டாச்சு.

சோமசேகரன்: சந்தேகம் வராதே?

நிலா: வராது மாமா. ஆப்பரேஷனுக்கு அப்பறம் அவருக்குப் பேச்சு போயிடுச்சுன்னு அவங்களுக்குத் தெரியும். போன வருஷம் முழுக்க டைப் பண்ணித்தானே ஆடுனாரு. வைத்தியம் நல்லபடியா நடக்குதுன்னு நெனச்சுட்டு இருக்காங்க.

சோமசேகரன்: அப்படியே நெனச்சுட்டு இருக்கட்டும். தெரிஞ்சா இடம் போயிடும்மா. ஒரு எடம் காலியானா உள்ள வர எத்தன பேரு காத்துட்டு இருக்காங்கன்னு அவனே எழுதிக் காட்டியிருக்கான்.

நிலா: யாரும் எடுக்க மாட்டாங்க மாமா.

சோமசேகரன்: உனக்குத் தெரியாது. ரேஷன் கார்டுல அடிச்சாச்சு. பேங்க்ல அடிச்சாச்சு. ஓட்டர் லிஸ்ட்ல அடிக்கறதுக்கு வீட்டுக்கே வந்தாங்க. எங்க போனாலும் புள்ள பேர அடிச்சுட்டுத்தான் நம்மள அனுப்புறாங்க. இந்த ஒரு எடத்துலதான் அவன் பேரு அடிபடாம இருக்கு. எழிலன், காரைக்கால், பத்தாவது. பாரு, எவ்ளோ அழகா இருக்கு.

நிலா: மாமா... ஆரம்பிச்சுட்டாங்க.

சோமசேகரன்: போச்சு. போச்சா?

நிலா: இல்ல! மொத ஆளு கரி லாரிய எடுத்திருக்கான்.

சோமசேகரன்: கரி லாரியையா? அரசலாத்த விட்டுட்டா?

நிலா: கரி லாரியும் பெரிய ஆளுதான் மாமா. நாலு பேரு தொங்குனாலும் இழுத்துட்டே ஓடுறான்.

சோமசேகரன்: நம்ம கீழவாஞ்சூர் போர்ட்டுலேந்து வர்ற லாரி எத்தன வருஷம் ஓடும் சொல்லு? பாரம் ஏத்தி ஏத்தி அச்சு போயிடும். ஓடுறவனுக்கு முட்டிதான் மொதலு. முட்டி தேஞ்சுட்டா நெஜ டீமுலயே மறு வருஷம் வெளியில தள்ளிடுவானுங்க.

நிலா: ரெண்டாவது ஆளும் ஒரு ஓடுறவனத்தான் எடுத்திருக்கான்.

சோமசேகரன்: அசடு. நல்லது. நமக்கு நல்லது.

நிலா: ரொம்ப ஆசப்படாதீங்க. இன்னும் ஏழு பேரு இருக்காங்க. அவன் போயிட்டா யார எடுக்கறதுன்னு இப்பவே முடிவு பண்ணுவோம். கடைசி எடத்துல ஒரு வசதி இருக்கு, அடுத்த சுத்து நம்மகிட்டேருந்துதான் ஆரம்பிக்கும். சேந்தாப்புல ரெண்டு பேர எடுக்கலாம்.

சோமசேகரன்: தாசில்தார எடுப்போம்.

நிலா: பந்து எறியறவனையா? மொத சுத்துலயா? அவரு இருந்தா தலையில அடிச்சுக்குவாரு.

சோமசேகரன்: ஏன்? ஆட்டமே அவன் கையிலதானே இருக்கு. நின்ன எடத்துல நின்னுகிட்டு நீ அங்க போ, நீ இங்க போன்னு உத்தரவு போடுறான். அதனாலதானே தாசில்தார்னு பேரு வச்சேன்.

நிலா: மாமா, உங்க புள்ள எத்தன தடவ எழுதிக் காட்டியிருப்பாரு? ஒருத்தன் எவ்ளோ புள்ளி எடுக்கறாங்கறது கணக்கு இல்ல. அவன் இல்லேன்னா, அவனுக்குப் பதிலா சும்மா கெடைக்கிறவன் எவ்ளோ எடுப்பான்? அந்த வித்தியாசம்தான் அவனோட மதிப்பு.

சோமசேகரன்: ம்.

நிலா: தாசில்தார் போனா அவன மாதிரி எறியறவன் கடைசி சுத்துல கூடக் கெடைப்பான். அரசலாறு போனா கெடைக்க மாட்டான். அதனாலதான் அரசலாறு ஒசத்தி.

சோமசேகரன்: பதிலா ஆளே இல்லாதவன்தான் ஒசத்தி.

நிலா: ஆமா.

சோமசேகரன்: ...

நிலா: மாமா?

சோமசேகரன்: ஒண்ணுமில்லம்மா. மூணாவது ஆளு என்ன பண்ணான்?

நிலா: அட... தாசில்தார எடுத்துட்டான்!

சோமசேகரன்: பாத்தியா! அவனுக்கும் என் புத்திதான்.

நிலா: மூணாவது இடத்துல உக்காந்துகிட்டு எறியறவன எடுக்கறானே. போன வருஷம் கப்பு வாங்குன ஆளு மாமா இவன். இப்படியெல்லாம் பண்ண மாட்டானே.

சோமசேகரன்: அவங்க எல்லாத்தையும் விடு. எனக்கு ஒரே ஒரு வருத்தம். அந்த மறிக்கிறவனுங்க இருக்கானுங்களே, தாசில்தாருக்கு முன்னாடி செவுரு மாதிரி நிப்பானுங்க... அவனுங்களுக்கு இதுல புள்ளியே கெடையாதா?

நிலா: கெடையாது. அவங்கள எடுக்கவும் முடியாது.

சோமசேகரன்: என்ன நியாயம் இது? நான் கபடி சொல்லிக்குடுத்த வாத்தியாரு. ரெய்டு போறவனத்தான் எல்லாரும் தோள்ல தூக்குவாங்க. காலப் புடிச்சு அமுக்குனவன் மூஞ்சி எல்லாம் மண்ணு, அவன யாரும் பாக்க மாட்டாங்க. நெஜ டீமும் அப்படித்தான். சம்பளத்துக்குன்னு ஒரு வரம்பு இருக்காமே, அதுல தாசில்தாருக்கே அள்ளிக் குடுத்துட்டா மறிக்கிறவனுக்கு என்ன மிச்சம்? அதான் போன வருஷம் தாசில்தாருக்கு விலா எலும்பு போச்சு.

நிலா: இதுக்குத்தான் ரெண்டு பேரும் ராப்பகலா சண்ட போட்டீங்க. நீங்க கத்துவீங்க. அவரு சிலேட்டுல எழுதி எழுதி அழிப்பாரு.

சோமசேகரன்: "அப்பா, மறிக்கிறவனுக்கு இந்த ஆட்டத்துல புள்ளி கிடையாது"ன்னு எழுதுனான். நெஜத்துலன்னு கேட்டேன். "நெஜத்துல அவன் இல்லாட்டி ஒண்ணுமே இல்ல"ன்னு எழுதிட்டு, என் கையத் தட்டுனான்.

நிலா: தெரியும். நான் பக்கத்துலதான் இருந்தேன்.

சோமசேகரன்: அத்தன வருஷம் நான் அவன்கிட்ட என்னம்மா பேசியிருப்பேன்? படிச்சியா. சாப்பிட்டியா. அமெரிக்கா போன பெறகு, குளுருதா. அவ்ளோதான். ஸ்கூல்ல ஊரு புள்ளைங்ககிட்டயெல்லாம் தொண்ட கிழியப் பேசுவேன், வீட்டுக்கு வந்தா வாயத் தொறக்க மாட்டேன். பேச்சு போயி அவன் இங்க திரும்பி வந்த பெறகுதான் நாங்க பேசவே ஆரம்பிச்சோம். இந்தக் கூத்த வச்சுத்தான்.

நிலா: அழாதீங்க மாமா.

சோமசேகரன்: அழலம்மா. கண்ணாடி அழுக்கா இருக்கு. நாலாவது?

நிலா: நாலாவது, அஞ்சாவது ரெண்டும் போச்சு. ரெண்டு பேருமே அரசலாத்த எடுக்கல.

சோமசேகரன்: என்னம்மா இது? அவனுக்கு ஏதாவது அடிகிடி பட்டிருக்கா?

நிலா: இல்ல. நேத்துகூடப் பாத்தேன். நல்லாத்தான் இருக்கான்.

சோமசேகரன்: போலீஸ் கேசு ஏதாவது?

நிலா: ஐயோ மாமா! அதெல்லாம் இல்ல.

சோமசேகரன்: அப்ப எல்லாரும் தூங்கி வழியறானுங்க. அங்க ராத்திரிதானே இப்ப.

நிலா: ஆறாவது ஆளு கலங்கரைய எடுத்துட்டான்.

சோமசேகரன்: போச்சு, நமக்குன்னு வச்சிருந்தோம். எவ்ளோ ஒசரம் அவன்! நம்ம லைட்ஹவுஸ் மாதிரி நின்னு எல்லார் தலைக்கும் மேல பந்தப் புடிப்பான்.

நிலா: ஒசரம் ஒசரம்னு அதையே சொல்லுங்க. ஓட்டம் எங்க இருக்கு? லைட்ஹவுஸ் நடந்து பாத்திருக்கீங்களா?

சோமசேகரன்: வாயாடி. நீ மருமகளா வந்த புதுசுல வாயே தொறக்க மாட்டே. இவன் கெடுத்து வச்சுட்டான் ஒன்ன.

நிலா: கெடுத்துட்டுத்தான் போயிட்டாரு. நானே சொல்லிட்டு நானே... இருங்க மாமா, மூக்க சிந்திட்டு வரேன்.

சோமசேகரன்: போயிட்டு வாம்மா. நான் பாத்துக்கறேன்.

நிலா: ...வந்துட்டேன். ஏழாவது போச்சா?

சோமசேகரன்: ஏதோ ஒரு பேரு வந்துச்சு. எனக்குப் புரியல. யாருன்னு பாரு.

நிலா: இது... இது ஒதைக்கிறவன் மாமா.

சோமசேகரன்: என்ன ஒதைக்கிறவன்?

நிலா: கம்பத்துக்கு நடுவுல பந்த ஒதைக்க மட்டும் வர்றானே, அவன். அவனயெல்லாம் எல்லாருக்கும் கடைசியிலதான் எடுப்பாங்க. யாருமே வேணாங்கற ஆளு.

சோமசேகரன்: அவனையா மொத சுத்துல எடுத்திருக்கான்?

நிலா: கை தவறிப் பட்டிருக்கும்.

சோமசேகரன்: எட்டாவது?

நிலா: இப்பதான்... மாமா, எட்டாவது ஆளு எடுத்திருக்கறவன் முட்டி கிழிஞ்சு ஆஸ்பத்திரியில கெடக்கான். இந்த வருஷம் ஒரு ஆட்டம்கூட ஆட மாட்டான்.

சோமசேகரன்: அது அவனுக்குத் தெரியாதா?

நிலா: தெரியாம எப்படி இருக்கும்? பேருக்குப் பக்கத்துலயே செவப்புல போட்டிருக்கே.

சோமசேகரன்: ...

நிலா: ஏன் மாமா அப்படிப் பாக்கறீங்க?

சோமசேகரன்: ஒம்போதாவது யாரு?

நிலா: வால்ட்டர்.

சோமசேகரன்: வால்ட்டர் விட மாட்டான். அரசலாத்துக்காக அவனும் எழிலனும் எத்தன தடவ அடிச்சுகிட்டாங்க. வருஷா வருஷம் எழிலன் முந்திக்குவான், அவன் திட்டிகிட்டே இருப்பான். இப்பக் கையில கெடச்சிருக்கு. எடுத்துடுவான்.

நிலா: எடுப்பாரு.

சோமசேகரன்: எடுக்கட்டும்மா. அவனுக்கும் ஆச இருக்குமில்ல. எடுத்துட்டாத்தான் எனக்கு நிம்மதி.

நிலா: என்ன மாமா சொல்றீங்க?

சோமசேகரன்: வந்துடுச்சா?

நிலா: வந்துடுச்சு... வேற யாரோ. பேரே கேள்விப்பட்டதில்ல. பெஞ்சுல உக்காந்திருக்கற ஆளு போல. மாமா, நம்ம முறை. அரசலாறு நமக்குத்தான்! எடுத்துடவா?

சோமசேகரன்: இரு.

நிலா: நேரம் போயிடும் மாமா. நாம எடுக்கலேன்னா கம்ப்யூட்டரே யாரயாவது எடுத்துடும்.

சோமசேகரன்: இரும்மா. வைகாசியில கோட்டுச்சேரிமேட்டுல கபடி மேட்ச் நடந்துச்சே, ஞாபகம் இருக்கா? நம்ம காரியம் முடிஞ்ச அடுத்த வாரம்.

நிலா: அவரு முன்னாடி ஆடுன டீமு பசங்க ஆடுனாங்களே. நீங்க போவல. நானும் அத்தையும்தான் போனோம்.

சோமசேகரன்: கிளிஞ்சல்மேட்டுப் பசங்க எதிர்ல எறங்குனாங்க. மொத ரெய்டு எப்படி வந்தாங்கன்னு நீ வந்து சொன்னே.

நிலா: கோட்டத் தாண்டி வந்தான். கபடி கபடின்னு பாடிட்டு நடுவுல நின்னான். யாரையும் தொடல. பேசாமத் திரும்பிப் போயிட்டான். அடுத்தவனும் அப்படியே. அதுக்கு அடுத்தவனும். எனக்கு ஒண்ணும் புரியல. அத்ததான் அழுதுட்டே சொன்னாங்க...

சோமசேகரன்: என்ன சொன்னா?

நிலா: வெத்து ரெய்டு. துக்க வீட்டு டீமுகிட்டேருந்து மொதப் புள்ளிய எடுக்க மாட்டாங்கன்னு.

சோமசேகரன்: யாரும் சொல்லிக்குடுக்கறது இல்ல. கூடி முடிவு பண்றதும் இல்ல. வர்றவன் தானா நின்னுட்டுப் போயிடுவான். அத்தன வருஷம் மைதானத்துல நின்னவன்மா நானு. அசட்டு ரெய்டு எது, வெத்து ரெய்டு எதுன்னு எனக்குத் தெரியாதா? ஒருத்தன் தூங்கலாம். ஒருத்தனுக்குக் கை தவறலாம். ஒம்போது பேருக்கும் தவறுமா?

நிலா: மாமா, நேரம்... ஐயோ.

சோமசேகரன்: என்ன?

நிலா: நேரம் ஓடல. நின்னு போயிருக்கு.

சோமசேகரன்: நெட்டு போச்சா?

நிலா: இல்ல. நிறுத்தி வச்சிருக்காங்க. வால்ட்டர்தான் நிறுத்த முடியும்.

சோமசேகரன்: அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு நிலா.

நிலா: ...

சோமசேகரன்: தலையக் குனியாத. என்னப் பாரு.

நிலா: நான்தான் மாமா சொன்னேன். ஆடிப்பெருக்கு அன்னிக்கு. தெனமும் "சீக்கிரம் வா எழில், நீ இல்லாம நல்லா இல்ல"ன்னு போட்டுகிட்டே இருந்தாங்க. நானும் கட்டைவெரல் போட்டுகிட்டே இருந்தேன். அன்னிக்கு ஊரே கடலுக்கும் ஆத்துக்கும் போவுது, தாலிக்கயிறு மாத்துறாங்க. நான் ரூம்புக்குள்ள உக்காந்து செத்துப் போன மனுஷன் பேருல கட்டைவெரல் போடுறேன். தாங்கல மாமா. வால்ட்டருக்குச் சொல்லிட்டேன்.

சோமசேகரன்: என்ன சொன்னே?

நிலா: அவரு போயிட்டாரு, சித்திரையிலயே போயிட்டாருன்னேன். ஆனா இடத்த எடுத்துடாதீங்க, எங்க மாமாவுக்கு மட்டும் தெரிய வேணாம், அவரு இந்த ஒண்ண நம்பித்தான் காலையில எழுந்திரிக்கறாருன்னு கெஞ்சுனேன். என்ன மன்னிச்சுடுங்க மாமா. உங்களுக்காகத்தான் தெரியாத மாதிரியே ஆடுனேன்.

சோமசேகரன்: வால்ட்டர் என்ன சொன்னாரு?

நிலா: அதான் மாமா எனக்கும் ஒரு மாதிரியா இருந்துச்சு. அவரு ஆச்சரியமே படல. எப்படி, எப்பன்னு ஒரு வார்த்தை கேக்கல. "சரிம்மா, வெளையாடுங்க"ன்னு மட்டும் சொன்னாரு. என்ன மாமா... ஏன் சிரிக்கறீங்க? அழுவுறீங்களா? மாமா!

சோமசேகரன்: ஆனி மாசம் நீ ரெண்டு நாளு உங்க அம்மா வீட்டுக்குப் போயிருந்தியே, அன்னிக்கு எழிலன் போனு அடிச்சுதும்மா. வால்ட்டரு. எடுத்து, எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல "மை சன் நோ மோர்"னேன். அந்தப் பக்கம் அந்தாளு விம்மி விம்மி அழுதான். அப்பறம் ஒண்ணே ஒண்ணு கேட்டேன்... "மை டாட்டர்-இன்-லா ரைட்டிங் இன் ஹிஸ் நேம். ப்ளீஸ், டோண்ட் ஸ்டாப் ஹர். டோண்ட் டெல் ஹர்"னு. அரசலாத்த எடும்மா... பாவம், எல்லாரும் காத்துட்டு இருக்காங்க.